காலி இருக்கையின் பெல்ட்

பயிற்சி விமானத்திலிருந்து இறங்கிய தங்கதுரை சார், தன் காலி இருக்கையின் பெல்ட்டை இறுக்கிப் பூட்டினார்.

“இனி நீ மட்டும்தான் வதனி. தரைய ஒட்டின காத்து கொஞ்ச உயரம் வரைக்கும் விமானத்தைத் தாங்கும். அதை நம்பி மூக்கைத் தூக்கிடாதம்மா.”

அவள் தலையாட்டினாள்.

“மொதத் தடவை தனியாப் பறந்துட்டு வந்தா தலையில ஒரு வாளித் தண்ணி ஊத்துறது இங்க வழக்கம். துண்டு கொண்டாந்தியா?”

அவர் எடை இல்லாத விமானம் வழக்கத்துக்கு முன்பே எழுந்தது. வேகம் போதுமென்று நினைத்து, மூக்கை உயர்த்தும் பிடியை இன்னும் இழுத்தாள். வேகம் போதாதென்று எச்சரிக்கை ஒலி கத்தியது. விமானம் ஏறாமல் தணிந்தது. மூக்கைத் தாழ்த்தி, ஓடுபாதைக்கு ஓர் ஆள் உயரத்தில் சமமாகப் பிடித்தபடி வேகம் சேரக் காத்திருந்தாள். எதிரே வேலி நெருங்கியது. பிறகுதான் மெல்ல ஏறவிட்டாள்.

தரையின் தாங்கல் விலகும் உயரத்தில் மூக்கு தானாகவே மேலே போகப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்தில் அவர், “இப்ப தரை விடுது, பிடிய அமுக்கு” என்பார்.

மூக்கு எழுந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அமுக்கினாள். வேலி கீழே கடந்து போனது.

“தரை விட்டுடுச்சு சார்,” என்றாள், பூட்டியிருந்த பெல்ட்டிடம்.