அருளப்பு சுமக்கும் சிலுவை

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிகிறது. குருநகர்க் கோவில் வாசலில் வெயில் கண்ணைக் குத்த, மணி விடாமல் அடிக்கிறது. புதுச்சட்டைகளுக்கிடையே கறுப்புச் சேலையில் எமலியா படியிறங்குகிறாள். குறுக்கே வந்து நிற்கிறான் அருளப்பு. ஏழு வருடங்களுக்கு முன் புயலில், அவளுடைய மகன் டிலக்சனின் பழுதான படகைக் கட்டியிழுத்து வந்த கயிற்றை வெட்டிவிட்டுத் தான் மட்டும் கரைசேர்ந்தவன். பெடியனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பெரிய வெள்ளிதோறும் பாரச் சிலுவையை வெறுங்காலோடு சுமப்பவன் இவன்தான். முந்தநாள் மரம் உரசிய புண் கசிந்து, வெள்ளைச் சட்டைத் தோளில் மஞ்சளாய்ப் படர்ந்திருக்கிறது.

"அக்கா, ஏழு வரியமாச் சுமந்திட்டன். இண்டைக்காவது மன்னிச்சிட்டனெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ." எமலியா அந்த மஞ்சளையே பார்க்கிறாள். "சொல்லன், பெருநாளும் அதுவுமா," என்று பக்கத்து வீட்டுக்காரி முழங்கையால் இடிக்கிறாள். எமலியா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்: "பெரிய வெள்ளியை நீ நல்லாத்தான் நடத்திறாய், அருளப்பு. ஆண்டவர் செத்ததிலை உன்ரை பாவம் கழிஞ்சிருக்கும். ஆனா அவர் செத்ததோடை விட்டிருந்தா, இண்டைக்கு ஆரும் புதுச்சட்டை போடுவினமே? என்ரை பிள்ளைக்குத் திறக்கிறதுக்கு ஒரு கல்லறைகூட இல்லை. அவன் எழும்பி வரட்டும். வந்தாப் பிறகு கேள்." சொல்லிவிட்டு, அவன் நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு வெயிலுக்குள் நடக்கிறாள்.