விலாங்குக்கு ஒரு குழாய்

சாயங்கால வெயில் கண்ணாடித் தொட்டிக்குள் சாய்ந்து இறங்கி, எதிர்ச்சுவரில் நெளிகிறது. ஒரு மாதமாக மோட்டார் ஓடித் தெளிந்த உப்புத் தண்ணீர். குழாய்க்காரர் தரையில் சம்மணமிட்டு, வெட்டிய பிளாஸ்டிக் குழாயின் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கிறார். ஊரெல்லாம் குழாய் போட்டவர்தான். கடல் விலாங்கு குடியிருக்கப் போடுவது இதுதான் முதல் தடவை. எதிரே, அவர் புதிதாகக் கட்டிக்கொண்ட மனைவியின் முந்தைய கல்யாணத்து மகள், விலாங்கு இருக்கும் மூடிய வாளியைக் கால்களுக்கு நடுவே அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வந்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே உங்க வீடுதான்: உங்க வீட்டு ஃபேன் சத்தம் போடுது, உங்க வீட்டுக் கதவு சாத்தவே மாட்டேங்குது. "அதுக்குச் செதில் கிடையாது. உரசினா தோல் கிழிஞ்சிரும்" என்கிறாள். அவர் குழாயின் விளிம்பைத் தன் கன்னத்தில் உரசிப் பார்க்கிறார். பிறகுதான் தண்ணீருக்குள் வைக்கிறார். அவள் வாளியைத் தொட்டிக்குள் சரிக்கிறாள். புள்ளி புள்ளியான உடம்பு ஒரே வழுக்கில் குழாய்க்குள் நுழைய, தலை மட்டும் வெளியே நீண்டு, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. "கோவமா இருக்காம்மா?" என்கிறார். "இல்ல, மூச்சு விடுது." அவர் மூடியைப் பொருத்திக் கொக்கி மாட்டுகிறார். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து, "பயப்படாதடா, இது நம்ம வீடுதான்" என்று கிசுகிசுக்கிறாள். குழாய்க்காரர் எதுவும் காதில் விழாதவர் போல, மீந்துபோன துண்டுக் குழாயை எடுத்து, யாருக்கும் வேண்டாத அதன் விளிம்பைத் தேய் தேய் என்று தேய்க்கிறார்.