முன்சீட்டு மாமனார்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றவனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பெண் கொடுத்தவனிடம்தான் யோசனை கேட்கிறார்கள். கார் ஷோரூமின் கண்ணாடிச் சுவர் வழியே விழும் வெயிலில் இரண்டு பெரிய சொகுசு வண்டிகள் பளபளக்கின்றன. என் மகன் கறுப்பு வண்டியின் முன்கதவைத் திறந்து மாமனாரை உட்கார வைக்கிறான். சம்பந்தி தோல் இருக்கையை அப்பன் வீட்டுச் சொத்து போலத் தடவுகிறார். "இது மெத்தை மாதிரி இருக்கு மாப்ளே, பின்சீட்லதான் முட்டி இடிக்கும். அந்த வெள்ளைல இடம் தாராளம், ஆனா தூக்கித் தூக்கிப் போடும்." "அப்ப எதை எடுக்கலாம் மாமா?" "கறுப்புதான். நான் எப்பவும் முன்னாடிதானே!" இருவரும் சிரிக்கிறார்கள். மகன் பின்கதவைத் திறக்கிறான். "அப்பா, நீங்க ஏறுங்க. முட்டி இடிக்குதான்னு பாப்போம்." "வெள்ளைதான்டா நல்ல வண்டி" என்று சொல்லிவிட்டு, ஏறாமலேயே வாசலைப் பார்த்து நடக்கிறேன்.