வலிக்காத கை

"இது கையா, கடப்பாரையாடி? பெரியவ போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

மாமியாரின் வயிற்றில், தொப்புளுக்கு இடப்பக்கம், ஊசி இறங்கிய இடத்தில் ஒரு துளி ரத்தம் பொட்டு வைத்தாற்போல் நின்றது. சின்ன மருமகள் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

இன்சுலின் போடுவது அந்த வீட்டில் மூத்த மருமகளின் பொறுப்பு. அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். யார் வந்தாலும் மாமியார் அந்தக் கையைத்தான் புகழ்வாள். சின்னவள் சமைத்ததையோ, இரவில் கால் பிடித்துவிட்டதையோ ஒருவரிடமும் சொன்னதில்லை.

"சர்க்கரைதான் குறையவே மாட்டேங்குதே அத்தை. டாக்டரும் மருந்தை ஏத்திக்கிட்டே போறாரு."

"அதுக்கு அவ என்ன பண்ணுவா? மத்தவங்களைக் குறை சொல்றதுல உன்னை மிஞ்ச ஆள் இல்லை."

சின்னவள் பஞ்சைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

சாயங்காலம் மூத்தவள் போனில் சிரித்தாள். "ஏன் எங்கெங்கயோ குத்தறே? தொப்புளுக்கு வலப்பக்கம் மெத்துனு ஒரு மேடு இருக்கும். நான் எப்பவும் அங்கதான் போடுவேன். அத்தைக்குத் தெரியவே தெரியாது. நீ ஒண்ணும் கவலைப்படாதே, உனக்குக் கை வரலைன்னா நான் வந்து பார்த்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தை சின்னவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு இருந்தது. அதன்மேல் விரல் சற்று நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஊசியை இறக்கினாள்.

"போடேன், எதுக்குக் காத்துக்கிட்டிருக்கே?"

"போட்டாச்சு அத்தை."

மாமியார் குனிந்து பார்த்தாள். "அடிப்பாவி, தெரியவே இல்லையே. பெரியவ தோத்தா, போ."

பக்கத்து வீட்டுக்காரியை வாசலுக்குக் கூப்பிட்டு அதைச் சொல்லவும் செய்தாள். வேலைக்குக் கிளம்பிய சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று முற்பகல், சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் யாரோ ஓர் அம்மாள் கட்டிலில் படுத்திருந்தாள். நர்ஸ் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தாள்.

"ஒரே இடத்துல குத்திக் குத்தி, தோலுக்கடியில கொழுப்பு கட்டியா நிக்குதும்மா. மரத்துப்போன இடம், அதான் வலிக்கல. ஆனா அங்க போட்டா மருந்து சரியா ரத்தத்துல சேராது, சர்க்கரையும் இறங்காது. இப்படியே விட்டா கண்ணு போகும், கிட்னி போகும். இனிமே அங்க குத்தவே கூடாது."

"என் மருமகதான் போடறா. பாவம், அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சே யாராவது இப்படிச் செய்வாங்களா சிஸ்டர்?"

கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்ட சின்னவள், "அடுத்தவங்க வாங்க" என்றாள்.