கவிழ்த்து வைத்த பிரிஜ்

இடுப்பு நாரி விண்ணென்று வலிக்க, கிளினிக்கில் ஊசிமருந்து வைக்கும் மண்ணெண்ணெய்ப் பிரிஜைத் தலைகீழாகக் கவிழ்த்தான் அரியகுட்டி. தாதி மிஸி கத்தினாள்.

“உமக்கென்ன மூளை கழண்டு போச்சோ?”

“உள்குழாய் அடைச்சுப்போச்சு மிஸி. ஒருநாள் கவிண்டு கிடக்கட்டும்.”

மறுநாள் நிமிர்த்தி, பிரிஜின் அடியிலுள்ள மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தினான். பின்னேரம் உள்ளே வைத்த தண்ணீர் உறைந்திருந்தது.

மிஸிக்கு வாயெல்லாம் பல். “கெட்டிக்காரன்! முந்தியே சொல்லியிருக்கலாமே?”

“போன மாசமே சொன்னனான். ‘மூட்டை தூக்கிறவர் எனக்குப் படிப்பிக்கிறாரோ’ எண்டு கலைச்சனியள்.”

“அண்டைக்கு ஏன் வந்தனீர்?”

“என்ரை மகளை விசர்நாய் கடிச்சது. மருந்து சூட்டிலை பழுதாப்போச்செண்டு திருப்பி அனுப்பினியள். அவளைக் குழியிலை தாட்டு இண்டைக்கு அஞ்சு நாள். அந்த ஊசி இன்னும் நீங்கள் தரவேண்டிய கடன், மிஸி.”