முந்நூறாவது சுற்று

யுத்தம் முடிந்த மறுவருஷம், திருத்தணி சினிமாக் கொட்டகைப் புரொஜெக்டருக்காக ஆதிகேசவன் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் சுற்றினான். சாதாரண டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்கள், ஒன்றையொன்று தொடாது. இதில் அறுநூறு சுற்றுள்ள ஒரே சுருள்தான். பாதி வோல்டேஜுக்கு முந்நூறாவது சுற்றில் கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டிக் கிளை எடுக்க வேண்டும்.

"பேசிகினே சுத்தினா எண்ணிக்கை தப்பிடும் பாவா," என்று சொல்லி, அவன் மனைவி பாஞ்சாலிதான் முன்பெல்லாம் சுற்றுகளை எண்ணுவாள். அந்த இடம் வந்ததும் மஞ்சளில் நனைத்த நூலால் முடிச்சிடுவாள். அவள் இறந்து இரண்டு ஆடிக்கிருத்திகை போய்விட்டது.

இன்று கொட்டகைக்காரரிடம் பேசிக்கொண்டே சுற்றியதில் எண்ணிக்கை தப்பியது. "இருந்திருந்தா திட்டியிருப்பா," என்று சிரித்தபடி மேலே சுற்றினான். காலையில்தான் உறை பிரித்த புதுக் கம்பியில், விரல் ஒரு நூல்முடிச்சில் தட்டியது. முடிச்சிலிருந்து பின்னோக்கிப் பிரித்து எண்ணினான். சரியாக முந்நூறு.

"ஆங், சரி," என்றான். விரலில் ஈர மஞ்சள் ஒட்டியிருந்தது.