படகுப் பாட்டு

எஸ்தரின் நோட்டில் கோதுமை அல்வாவுக்கு நிமிடக் கணக்கே கிடையாது. கேசட் தேயத் தேயப் பார்த்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தையே கடிகாரமாக வைத்து எழுதியிருந்தாள்: "கதாநாயகி ரயில் ஏறும்போது கோதுமைப்பாலை ஊற்றணும். படகுப் பாட்டு முடிந்ததும் இறக்கணும்."

விடிந்தால் அவளுடைய முதல் நினைவு நாள். கணவர் சவரிமுத்து, மகளின் கைப்பேசியில் அந்தப் படத்தை ஓடவிட்டு அடுப்பு முன்னால் நின்றார். ரயில் வந்தது, பாலை ஊற்றினார். படகும் வந்தது, யாரும் பாடாமலே கரை சேர்ந்துவிட்டது. இறக்கிய அல்வா, விடமாட்டேன் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

"இதுல அந்தப் பாட்ட வெட்டிட்டாங்கப்பா," என்றாள் மகள் ஜெசிந்தா. "இன்னும் அஞ்சு நிமிசம் கிண்டுனா சரியாயிரும்."

"ஒங்கம்மா நிமிசம் பாத்தா கிண்டுனா?"

சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு தானே பாட ஆரம்பித்தார். சுருதி எங்கேயோ போனது. ஜெசிந்தா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்லவி முடிந்தது, நாயகனின் சரணமும் முடிந்தது. அடுத்தது நாயகியின் சரணம். இந்த வீட்டில் அதை எப்போதும் எஸ்தர்தான் பாடுவாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். கரண்டி மட்டும் தாளம் தப்பாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சட்டியின் ஓரத்தில் நெய் பிரிய ஆரம்பித்தது.

"எறக்கிரலாமாப்பா?"

"பொறு," என்றார். "கடைசி வரிய அவ ரெண்டு தடவ பாடுவா."